ஹட் பே கப்பலும் இருநூறு இழைகளும்

என் மனைவிக்கு லிட்டில் அந்தமானின் ஹட் பேக்கு மாற்றல் வந்ததும், எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கணினி வந்ததும் ஒரே மழைக்காலத்தில்தான். எது முதலில் என்று இப்போது சரியாக நினைவில்லை. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. தீவுகளில் அரசு வேலை என்றால் ஒரு முறையாவது தெற்கே லிட்டில் அந்தமானிலோ வடக்கே டிக்லிபூரிலோ போய் இருந்துவிட்டு வர வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த விஷயம் என்பதால் பெட்டி கட்டுவது எளிதாகிவிடவில்லை. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டாம், போர்ட் பிளேரிலேயே என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்று எழுதுகிறேன். உண்மையில் பேசிப் பேசிக் களைத்துப்போய் ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

என் வேலை கடல் அலைகளைக் கணக்கிடுவது. மெயின்லாண்டிலிருந்து விடிகாலையில் காற்றின் விவரம் வரும். அதை எங்கள் புரோகிராமுக்குள் செலுத்தினால், தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் அன்றைக்கும் மறுநாளும் அலை எவ்வளவு உயரம் எழும் என்று சொல்லும். அந்த அறிக்கை காலைக் கூட்டத்துக்கு முன் எங்கள் அதிகாரி கைக்குப் போக வேண்டும். அவர் கப்பல் அலுவலகத்துக்குச் சொல்வார். எந்தப் படகு போகலாம், எது கரையிலேயே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். ஹட் பே போகும் கப்பல் திறந்த கடலைக் கடந்தாக வேண்டும் என்பதால் மழைக்காலத்தில் அதிகம் ரத்தாவது அதுதான்.

பழைய கணினி மெதுவாக ஓடினாலும் தினமும் ஒரே மாதிரி மெதுவாக ஓடியது. புதியதில் ஒரு தனிக் கார்டு இருந்தது. கோப்ராசஸர் என்பார்கள். நாம் ஓட்டும் புரோகிராம் பெரிய கணினியில் ஓடும். அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். கணக்கின் கடினமான பகுதியை ஹோஸ்ட் பிரித்துக் கார்டுக்கு அனுப்பும். கார்டுக்குள் சிறுசிறு மூளைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் த்ரெட் எனப்படும் இழைகள் இருநூற்றுச் சொச்சம் ஒரே நேரத்தில் ஓடும். கடலைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒவ்வோர் இழைக்கும் சில கட்டங்கள் என்று கொடுத்துவிட்டால், எல்லாம் சேர்ந்து வேகமாக முடித்து ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கணினியைப் பொருத்த மெயின்லாண்டிலிருந்து வந்த இளைஞர் ஒரு மாதிரிக் கணக்கை ஓட்டிக் காட்டினார். நன்றாக ஓடியது. பிறகு அவர் ஹேவ்லாக் தீவுக்குப் போய்க் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அதன் பிறகு அவருடைய எண் எங்களுக்கு ஒரு முறையும் கிடைத்ததில்லை.

எங்கள் சொந்தப் புரோகிராமை அதில் ஏற்றிய நாளிலிருந்து தொல்லை தொடங்கியது. ஒரு நாள் நேரத்துக்கு முடியும். மறுநாள் கூட்டம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் கார்டு பதிலே சொல்லாமல் உறைந்துவிடும். ஹோஸ்ட் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். கூடவே சூடு. அறையின் ஏசி பழையது. மழைக்காலத்து ஈரத்தில் அதன் அடியில் ஒரு வாளி எப்போதும் இருக்கும்.

அந்த நாட்களில் என் காலை இப்படித்தான் விடியும். பாதித் தூக்கத்தில் இருக்கும் மகளுக்கு ரெயின்கோட் மாட்டி, ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்து, டாலிகஞ்ச் முனையிலுள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோவேன். கடை என்னோடு வேலை பார்ப்பவருடையது. அவர் எங்கள் கணினிப் பிரிவின் டெக்னீஷியன். குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். கடையை அவர் மனைவி நடத்தினார். வீடு கடைக்குப் பின்னால். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அந்த வகையில் அவர் மனைவி என் மகளுக்குப் பெரியம்மா ஆனார். மகள் அங்கேயே பல் துலக்கி, சீருடை மாற்றி, அவர்கள் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போவாள். மாலையில் திரும்பி வந்து, நான் அழைத்துப்போகும்வரை பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நானும் பாயும் அவளை அங்கே இறக்கிய கையோடு அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவோம்.

"ஏன் தம்பி, வீட்டுலருந்தே அந்த மெஷினை ஓட்ட முடியாதா? புள்ள தூங்குது பாரு, பேச்சாரி, பாவம்," என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார்.

வெளியிலிருந்து அந்தக் கணினியைத் தொட அனுமதி இல்லை என்றேன்.

"அப்ப அனுமதி வாங்கு."

"கேட்டிருக்கேன் அண்ணி."

கேட்டிருந்தேன். கேட்டதற்குப் பதில் வரும் முன்பே கேட்ட விஷயம் எனக்கே மறந்துவிடும் அளவுக்குக் களைப்பாக இருந்தேன்.

அறிக்கை தாமதமான நாட்களில் அதிகாரி என் மேசைக்கு வந்து நிற்பார். நல்ல மனிதர். திட்டமாட்டார். "ரிப்போர்ட் ஆயா கியா?" என்று, அறிக்கை வந்துவிட்டதா என்று, மெதுவாகக் கேட்பார். இல்லை என்றால் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று பொதுவான எச்சரிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவார். தெரியாதபோது எச்சரிப்பது அவருக்குப் பாதுகாப்பு. ஆட்களுக்கும் பாதுகாப்புதான். அதில் குறை சொல்ல முடியாது.

அப்படி ஒரு நாளில்தான் ஹட் பேயிலிருந்து என் மனைவி வர வேண்டிய கப்பல் ரத்தானது. முன்தினமே டிக்கெட் எடுத்து, வகுப்புகளை இன்னொருவரிடம் ஒப்படைத்து, பையோடு கப்பல்துறை ஜெட்டிக்கு வந்துவிட்டாள். அங்கே மதியம் வரை நிற்க வைத்துவிட்டு, "ஆஜ் ஜஹாஜ் நஹி ஜாயேகா" என்று அறிவித்துவிட்டார்கள். இன்றைக்குக் கப்பல் போகாது.

போன் வந்தது. பின்னால் ஆட்கள் சலித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"கடல் கண்ணாடி மாதிரி கெடக்குங்க," என்றாள். "ஒரு அலை இல்ல. இங்க நிக்கிற அத்தனை பேரும் அதைத்தான் பாத்துட்டு நிக்கிறோம். யாரு சொன்னா அலை வரும்னு?"

"யாரும் சொல்லலை. எங்க கணக்கு முடியலை. அதனால பொதுவா நிறுத்திட்டாங்க."

"முடியலைன்னா?"

"மெஷின் நின்னுபோச்சு."

பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா பக்கத்துல இருக்காளா?" என்றாள். பள்ளியில் இருக்கிறாள் என்றேன். "சரி, சாயங்காலம் பேசறேன். இந்தப் பையைத் தூக்கிட்டு மறுபடி ஆட்டோ தேடணும்," என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை வரை கடல் அப்படியே கிடந்தது என்று பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்படும் தெம்பு அவளிடம் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு சந்தேகம் ஏற்கெனவே இருந்தது: கார்டில் இழைகள் அளவுக்கு மேல் ஓடுகின்றனவோ என்று. கார்டுக்கும் சொந்த வேலைகள் உண்டு. ஹோஸ்ட் அனுப்புவதை வாங்கி வைக்க வேண்டும், முடிந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு சிறு மூளையையாவது விட்டுவைக்க வேண்டும். எல்லா மூளைகளிலும் கணக்கை ஏற்றிவிட்டால் அந்த வேலை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இதை நினைத்துத்தான் இழைகளின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதியிருந்தேன். புரோகிராமிலேயே கேட்டும் பார்த்திருந்தேன்: எத்தனை இழைகள்? நான் கொடுத்த எண்ணையே அது திருப்பிச் சொன்னது. அதனால் கோளாறு அங்கே இல்லை என்று முடிவுகட்டி, வாரக்கணக்கில் மற்ற இடங்களில் தேடிக்கொண்டிருந்தேன். ஏசியைச் சந்தேகப்பட்டேன். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியைச் சந்தேகப்பட்டேன். பாய் பாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயர்களைக் கழற்றி மாட்டினார்.

ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதே வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நான் கேள்வி கேட்ட இடம் கண்ணில் பட்டது. எத்தனை இழைகள் என்ற கேள்வியை நான் ஹோஸ்டில் ஓடும் பகுதியில் எழுதியிருந்தேன். அதனால் ஹோஸ்ட் தன்னுடைய கணக்கைச் சொல்லியிருக்கிறது. கார்டை யாரும் கேட்கவே இல்லை.

கார்டுக்குப் போகும் பகுதிக்குள்ளே அதே கேள்வியை எழுதி ஓட்டினேன். கார்டு தன்னிடமுள்ள முழு எண்ணையும் சொன்னது. ஒன்றுகூடக் குறையவில்லை. நான் குறைத்தது எதுவும் அதன் காதுக்குப் போகவே இல்லை.

"கியா ஹுவா தம்பி, என்னாச்சு?" என்றார் பாய். நான் வாயில் சோற்றோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாய், நான் சொன்னதெல்லாம் ஹோஸ்ட் மட்டும்தான் கேட்டிருக்கு. கார்டு அது பாட்டுக்கு ஓடியிருக்கு."

"இத்தன நாளா?"

"இத்தன நாளா."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார். "அப்ப நான் வயர் புடுங்குனது எல்லாம் பேக்காரா?"

வீண்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. "தூசி போச்சுல்ல பாய்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

காரணம் இரண்டு இடங்களில் இருந்தது. புரோகிராமுக்குள் இழைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டளை ஹோஸ்டில் ஓடினால் ஹோஸ்டை மட்டுமே கட்டுப்படுத்தும். கார்டைக் கட்டுப்படுத்த வேறு கட்டளை உண்டு. அதில் எந்தக் கார்டு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியே, புரோகிராமைக் கிளப்பும் கோப்பிலும் நான் அந்த எண்ணைக் கொடுத்திருந்தேன். ஆனால் கணினியைப் பொருத்தியவர் அதில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: குறிப்பிட்ட ஒரு முன்னொட்டோடு தொடங்கும் அமைப்புகள் மட்டுமே கார்டுக்குப் போகும் என்று. என்னுடையதில் அந்த முன்னொட்டு இல்லை. அது வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் செய்தது தவறும் இல்லை. ஹோஸ்டுக்கு ஒரு எண், கார்டுக்கு வேறு எண் என்று தனித்தனியே கொடுக்க அதுதான் வழி. எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

மாற்றங்கள் நான்கைந்து வரிகள். கார்டின் ஒரு மூளையை அதன் சொந்த வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மட்டும் இழைகளை ஓடவிட்டேன். கார்டிடமே கேட்டேன். நான் சொன்ன எண்ணைச் சொன்னது. கணக்கு இதுவரை பார்க்காத வேகத்தில் முடிந்தது.

"ஆளைக் கொறச்சா வேல சீக்கிரம் முடியுது. அஜீப் ஹை, அதிசயம்தான்," என்றார் பாய்.

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

மறுநாளிலிருந்து அறிக்கை நேரத்துக்குப் போனது. அதிகாரி என் மேசைக்கு வருவது நின்றது. கப்பல்கள் அதிகம் ஓடின. அடுத்த முறை மனைவி சொன்ன நாளில் வந்து, சொன்ன நாளில் திரும்பினாள். மகளின் பள்ளியில் ஒரு விழா வந்தது. கடல் பிராணிகளைப் பற்றிய ஒரு நடனத்தில் அவளுக்கு ஆமை வேஷம். பெரியம்மா அட்டைப் பெட்டியை வெட்டிப் பச்சைத் தாள் ஒட்டி ஓடு செய்து கொடுத்திருந்தார். அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். மகள் அந்த ஓட்டை முதுகில் கட்டிக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா கப்பலில் வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கப்பல் கிளம்ப வேண்டிய நாளின் காலையில் நானும் பாயும் கணக்கை ஓட்டினோம். சீக்கிரமே முடிந்தது. அலைப் படத்தைத் திறந்தேன். லிட்டில் அந்தமானுக்கும் எங்களுக்கும் நடுவே சிவப்பு. தென்மேற்கிலிருந்து பெரிய அலை ஏறி வருகிறது; மதியத்துக்கு மேல் கால்வாய் முழுக்க.

பாய்க்கும் படம் தெரிந்தது. அன்று யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். அவர் ஏசிக்குக் கீழே இருந்த வாளியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். பிறகு, "இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போமா?" என்றார்.

நேரம் இருந்தது. அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்ததே நான்தான். இழைகளை இன்னும் குறைத்து ஓட்டினேன். கார்டே வேண்டாமென்று ஹோஸ்டில் மட்டும் ஒரு சிறு பகுதியை ஓட்டினேன். சிவப்பு அதே இடத்தில் இருந்தது. மெஷின் நின்றுபோயிருந்தால் அதிகாரி எச்சரிக்கை கொடுத்திருப்பார், கப்பல் நின்றிருக்கும், நான் மெஷினைத் திட்டியிருப்பேன். இப்போது திட்ட ஒன்றும் இல்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "பக்கா?" என்று கேட்டார்.

"பக்கா, சார்," என்றேன்.

மனைவிக்கு நானே போன் செய்தேன். அறிவிப்பில் கேட்பதைவிட என்னிடம் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவள் ஜெட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பாதே. கப்பல் வராது."

"ஏன், மறுபடி மெஷினா?"

"இல்ல. மெஷின் நல்லா இருக்கு. அலை வருது."

"இங்க ஒண்ணும் இல்லியே."

"மதியத்துக்கு மேல வரும்."

"நிஜமாவா?" என்றாள்.

"மூணு தடவ ஓட்டிப் பாத்தேன்."

"சரி," என்றாள். "பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

மாலையில் கடைக்குப் போனேன். மகள் ஓட்டைக் கழற்றிவிட்டு அதைத் தலைகீழாக வைத்து, அதற்குள் பிஸ்கட் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா நாளைக்கு விழாவுக்கு வரமாட்டாள் என்றேன்.

"கப்பல் கெட்டுப்போச்சா?"

"இல்ல, கடல்ல பெரிய அலை."

"யார் சொன்னா?"

"அப்பா ஆபீஸ்ல பாத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ பாக்காம இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

பெரியம்மா உள்ளேயிருந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "அப்பா பாக்கலன்னா அம்மா கப்பல்ல ஏறி வாந்தி எடுத்துக்கிட்டே வருவாடி. அதுக்கா?" என்றார். மகள் அழவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

இருட்டும் நேரத்தில் மனைவி மறுபடி கூப்பிட்டாள். அலைதடுப்புச் சுவருக்கு மேல் தண்ணீர் ஏறி விழுவதாகவும், மீன் படகுகளை எல்லாம் மேலே இழுத்துவிட்டதாகவும் சொன்னாள். "நீங்க சொன்னது சரிதான்," என்றாள். பாராட்டு இல்லை, குறையும் இல்லை. மகளோடு பேசினாள். போனைக் காதில் அழுத்திக்கொண்டு மகள் ஆமை எப்படி நடக்கும் என்று வாயாலேயே விளக்கினாள்.

விழாவில் மகள் நன்றாக ஆடினாள். பாய் தன் போனில் படம் பிடித்தார். அதில் பாதி நேரம் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தலைதான் தெரிந்தது. அதை அனுப்பினோம். ஹட் பேயில் நெட் கிடைத்தபோது அவள் பார்த்திருக்கிறாள்.

கடல் அடங்கிய பிறகு அவள் வந்தாள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள், ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. ஹோஸ்ட், கார்டு, இழைகள், யாரைக் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்டேன் என்று ஆரம்பித்தேன். கார்டு பதில் சொன்ன இடத்துக்கு வருவதற்குள் அவள் தரையிலேயே தூங்கிவிட்டாள். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். விடுமுறையின் பெரும்பகுதி அவள் தூங்கினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள்.

அவளுக்குத் திரும்ப மாற்றல் கிடைக்க இன்னும் இரண்டு பள்ளி ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த வகைக் கார்டைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டேன். இப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதற்குப் பழகத்தான் நாங்கள் நினைத்ததைவிட அதிக நாளாகிறது. மகள் பள்ளி விட்டதும் இன்னமும் நேராகக் கடைக்குத்தான் போகிறாள். தலைவலி என்றால் பெரியம்மாவிடம்தான் முதலில் சொல்கிறாள். மாலையில் மனைவியே கடைக்கு நடந்துபோய், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் கிளம்பத் தயாராகும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.